எப்வொர்த் குருமனையின் வியாழக்கிழமைகள்



முழு ஆண்டுத் தேர்வுகள் முடிந்து, பிள்ளைகள் வீட்டில் நிறைந்திருக்கும் காலம் இது. ஓடியாடும் ஆண்பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருக்கும் வீடுகளில் இந்த வாரங்கள் எப்படிக் கழிகின்றன என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. வீடு சந்திக்கச் செல்லுமிடங்களில் தாய்மார் பலரும், அமர்ந்து ஜெபிக்கக்கூட நேரம் கிடைப்பதில்லை என்கிறார்கள். ஆகவே, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் ஒரு கிராமத்துக் குருமனையில் கழிந்த ஒரு வசந்தகாலத்தை இவ்வாரம் உங்களோடு நினைத்துப் பார்க்க விரும்புகிறேன். அந்த வீட்டின் கதையில் நம்முடைய தரங்கம்பாடிக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்த வீட்டின் தாய் சூசன்னா வெஸ்லி. அவர் 1669-ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தார். தந்தை சாமுவேல் ஆன்ஸ்லி, அரசாங்கத் திருச்சபையின் ஒழுங்குகளுக்கு உட்படாத பியூரிட்டன் போதகர். மகளோ பதின்மூன்று வயதை எட்டுவதற்குள்ளாகவே இரு பக்கத்து நியாயங்களையும் சீர்தூக்கிப் பார்த்து, ஆங்கிலிக்கன் சபையைத் தெரிந்துகொண்டார். தானே சிந்தித்து முடிவெடுக்கும் அந்தச் சுபாவம் கடைசிவரை அவரிடம் இருந்தது. 1688-இல் சாமுவேல் வெஸ்லி என்னும் இளைஞரை மணந்தார். குருவானவரான கணவர் பின்னர் லிங்கன்ஷயரிலுள்ள எப்வொர்த் பங்கிற்கு நியமனம் பெற்றபோது, தாழ்வான சதுப்புநிலங்களால் சூழப்பட்ட அந்த ஊரே அவர்களுடைய வாழ்விடமாயிற்று. பத்தொன்பது பிள்ளைகள் பிறந்தனர். அவர்களுள் பத்துப் பேர் மட்டுமே வளர்ந்து ஆளாயினர். மற்ற ஒன்பது சிறு சவப்பெட்டிகளையும் அதே தாயின் கண்கள் கண்டன. அவரைப் பற்றிப் பேசும் எவரும் இதை மறந்துவிட்டுப் பேசலாகாது.

பத்துப் பேரில் ஆண்பிள்ளைகள் மூவர். மூத்தவன் சாமுவேல். ஏறக்குறைய ஐந்து வயதுவரை அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஊமையோ என்று பெற்றோர் கலங்கினர். ஒருநாள் பையனைக் காணாமல் தாய் வீடெங்கும் தேடிக் கூப்பிட்டபோது, மேசைக்கடியில் தன் பூனையோடு ஒளிந்திருந்தவன், இதோ இருக்கிறேன் அம்மா என்று தெளிவாகப் பதில் சொன்னான் என்று குடும்பத்தில் வழங்கிவந்த கதை சொல்லுகிறது. இரண்டாமவன் ஜான், வீட்டில் ஜாக்கி, 1703-இல் பிறந்தவன். எதைச் செய்யச் சொன்னாலும் காரணம் கேட்கும் பிள்ளை. உணவு வேளைக்கு நடுவே ஏதாவது தின்னத் தந்தால்கூட, நன்றி, யோசித்துச் சொல்லுகிறேன் என்பானாம். காரணம் காட்டாவிட்டால் இவன் இயற்கைத் தேவைகளைக்கூட நிறைவேற்றமாட்டான் என்று தந்தை சலிப்பும் வேடிக்கையுமாகத் தாயிடம் சொன்னதுண்டு. மூன்றாமவன் சார்ல்ஸ், 1707 டிசம்பரில் குறைமாதத்தில் பிறந்தவன். பிறக்கவேண்டிய நாள் வரும்வரை அழவுமில்லை, கண் திறக்கவுமில்லை. மெல்லிய கம்பளியில் சுற்றிவைத்தே அவனைக் காத்தார்கள். பிற்பாடு அந்த வீட்டிலேயே மிகத் துடுக்கானவன் அவன்தான்.

அது வறுமை அறியாத வீடும் அல்ல. 1705-இல் குருவானவர் கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். சூசன்னா தம்மிடமிருந்த சிறு பொருளாகிய மோதிரங்களைச் சிறைக்கு அனுப்பிவைத்தார். கணவர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பிறகு வந்தது 1709 பிப்ரவரி 9-ஆம் தேதி இரவு. நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் குருமனை தீப்பற்றியது. பணிப்பெண் குழந்தை சார்ல்ஸைத் தூக்கிக்கொண்டு, மற்றப் பிள்ளைகளைத் தன் பின்னே வரச்சொல்லி ஓடினாள். நிறைகர்ப்பிணியாயிருந்த சூசன்னா தீயின் நடுவே நடந்தே வெளியேறினார். எல்லாரும் தோட்டத்தில் கூடியபோதுதான் ஜான் இல்லை என்பது தெரிந்தது. ஐந்து வயதுப் பையன் மாடியறையில் தனியாக விழித்தெழுந்து, கூரையில் நெருப்பைக் கண்டு, கதவருகே ஓடி, தளம் எரிவதைப் பார்த்துத் திரும்பி, சன்னலோரம் இருந்த பெட்டியின்மேல் ஏறி நின்றான். தந்தை படிக்கட்டில் ஏற முயன்றார். அது அவரைத் தாங்கவில்லை. முழங்காலில் நின்று பிள்ளையின் ஆத்துமாவைத் தேவனிடம் ஒப்புவித்தார். ஏணி கொண்டுவர நேரமில்லை என்று கண்ட ஊரார் இருவரில் ஒருவர்மேல் ஒருவர் ஏறி நின்று சன்னல் வழியே பையனை எடுத்தார்கள். எடுத்த மாத்திரத்தில் கூரை உள்நோக்கிச் சரிந்தது. சகரியா 3-ஆம் அதிகாரத்தில் வரும், நெருப்பிலிருந்து பிடுங்கப்பட்ட கொள்ளியின் உருவகத்தை ஜான் வெஸ்லி தம் வாழ்நாளெல்லாம் தமக்கே உரியதாகக் கருதியதன் காரணம் இதுவே.

இந்த இரவைப் பற்றி நம் பிரசங்கங்களில் அதிகம் கேட்டிருக்கிறோம். அதற்குப் பின்வந்த வசந்தத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. எனக்கோ அதுவே முக்கியமாகத் தோன்றுகிறது. வீடு போயிற்று, புத்தகங்களும் கையெழுத்துப் படிகளும் போயின. மார்ச் மாதத்தில் கடைசிக் குழந்தை கெசியா பிறந்தாள். குருமனையைச் செங்கல்லால் மறுபடி கட்டி முடிக்கும்வரை பிள்ளைகள் வெவ்வேறு குடும்பங்களில் பிரித்துவிடப்பட்டனர். அதுவரை கண்டிப்பான ஒழுங்கில் வளர்ந்த பிள்ளைகள், அந்த மாதங்களில் வேலையாட்களோடும் ஊர்ப்பிள்ளைகளோடும் கட்டற்றுத் திரிந்தனர். ஓய்வுநாளை அசட்டை செய்யப் பழகினர், முன்பு கேள்விப்பட்டிராத பாட்டுகளைக் கற்றனர், பேச்சு முரடாயிற்று. இவற்றையெல்லாம் பல ஆண்டுகள் கழித்து சூசன்னா தாமே எழுதிவைத்தார். வீடு எரிந்ததைவிட இதைத் திரும்பக் கட்டுவதுதான் அவருக்குக் கடினமாயிருந்தது.

குடும்பம் புது வீட்டில் ஒன்றுசேர்ந்ததும் சீர்திருத்தம் தொடங்கிற்று. பள்ளி வீட்டிலேயே நடந்தது: காலை ஒன்பது முதல் பன்னிரண்டுவரை, பிற்பகல் இரண்டு முதல் ஐந்துவரை. தொடக்கத்திலும் முடிவிலும் சங்கீதம் பாடினார்கள். மாலை ஐந்து மணிக்கு மூத்த பிள்ளை பேசத்தெரிந்த கடைக்குட்டியையும், இரண்டாம் பிள்ளை அதற்கு அடுத்ததையும் என்று இரண்டிரண்டு பேராகத் தனித்தனியே போய், அந்நாளுக்குரிய சங்கீதங்களையும் புதிய ஏற்பாட்டில் ஓர் அதிகாரத்தையும் வாசித்தார்கள். இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மெச்சுகிறேன். பிள்ளையைப் பிள்ளையே போதித்தது. தாய்க்கும் சற்று மூச்சுவிட நேரம் கிடைத்தது.

எழுத்து கற்பிக்கும் முறையும் சுவையானது. ஐந்து வயது நிரம்பும்வரை எழுத்தே கிடையாது. ஐந்தாம் பிறந்தநாளுக்கு மறுநாள் வீட்டை ஒழுங்கு செய்து, அவரவர்க்கு வேலை பகிர்ந்துகொடுத்து, அந்த ஆறு மணி நேரத்தில் வேறு எவரும் அறைக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டுத் தாய் அமர்வார். அந்த ஒரே நாளில் பிள்ளை எழுத்துகள் அனைத்தையும் கற்றுவிடும். மேரிக்கும் ஆனுக்கும் மட்டும் ஒன்றரை நாளாயிற்று. அவர்களை மந்தமானவர்கள் என்று தாம் அப்போது எண்ணியதையும், மற்றப் பிள்ளைகளைப் பார்த்தபின் அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டதையும் அவர் எழுதுகிறார். முதல் வாசிப்புப் புத்தகம் ஆதியாகமத்தின் முதல் அதிகாரம்.

வீட்டுச் சட்டங்களும் இருந்தன. தவறு செய்தவன் உண்மையை ஒப்புக்கொண்டால் அடி இல்லை. ஒரே தவறுக்கு இருமுறை தண்டனை இல்லை. ஒருமுறை தீர்ந்ததைப் பின்பு சொல்லிக்காட்டவும் கூடாது. விருப்பத்திற்கு மாறாகக் கீழ்ப்படிந்த பிள்ளையைப் பாராட்ட வேண்டும். பிரியப்படுத்த எண்ணிச் செய்த காரியம் சரியாக அமையாவிட்டாலும் அன்போடு ஏற்கவேண்டும். பிறர் பொருள் ஒரு குண்டூசியானாலும் தொடலாகாது. பெண்பிள்ளை நன்றாக வாசிக்கக் கற்கும்வரை அவளுக்குத் தையல் முதலான வீட்டுவேலைகளைப் பழக்கலாகாது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெண் கல்வியைப் பற்றி ஒரு கிராமத்துக் குருமனையில் இருந்த சட்டம் இது.

இந்தச் சட்டங்களோடு வேறொன்றும் இருந்தது. அதை மறைப்பது நேர்மையல்ல. ஒரு வயதானவுடனேயே பிள்ளைகள் பிரம்புக்கு அஞ்சவும், அழுதால் சத்தமின்றி அழவும் பழக்கப்பட்டனர். பிள்ளையின் சுயசித்தத்தை முதலில் அடக்குவதே பக்தியுள்ள வளர்ப்பின் அஸ்திபாரம் என்று சூசன்னா உறுதியாக நம்பினார். பரலோகத்தையும் நரகத்தையும் இதனோடு இணைத்தே அவர் எழுதினார். அக்காலத்தவர் பலர் அவ்வாறே எண்ணினர் என்பது உண்மை. ஆயினும் ஒரு வயதுக் குழந்தை சத்தமிட்டு அழக்கூடாது என்பதை இன்று எந்தத் தாய்க்கும் நான் முன்மாதிரியாகச் சொல்லமாட்டேன். வெஸ்லி வீட்டைப் பாருங்கள் என்று பிரம்பை எடுக்கிறவர்கள், அதே வீட்டில் இருந்த வியாழக்கிழமையையும் பார்க்கவேண்டும்.

அந்த வியாழக்கிழமை எவ்வாறு வந்தது என்பதற்கு முன், 1711 மே 17-ஆம் தேதி மாலை சூசன்னா தம் தியானக் குறிப்பில் எழுதியதைச் சொல்லவேண்டும். தீயினின்று காக்கப்பட்ட ஜானை இதுவரை கவனித்ததைவிட விசேஷமாகக் கவனிக்கப்போவதாகத் தேவனிடம் அவர் அன்று பொருத்தனை செய்தார். எப்படிச் செய்வது என்பதற்கான வழி அந்தக் குறிப்பில் இல்லை. வழி சில மாதங்களில் வெகுதூரத்திலிருந்து வந்தது.

1711-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் குருமார் மன்றத்தின் கூட்டத்திற்காகச் சாமுவேல் லண்டன் போயிருந்தார். மூத்த மகள் எமிலியா தந்தையின் படிப்பறையில் ஒரு புத்தகத்தைக் கண்டெடுத்தாள். டென்மார்க் அரசர் அனுப்பிய மிஷனெரிகளாகிய சீகன்பால்கும் புளுச்சோவும் 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கியதையும், அங்கே செய்த ஊழியத்தையும் கூறும் கடிதங்கள் அதில் இருந்தன. ஜெர்மன் மொழியிலிருந்து ஆங்கிலமாக்கி 1709-இல் லண்டனில் அச்சிட்டிருந்தார்கள். சூசன்னா அதை மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பல நாட்கள் வேறெதையும் நினைக்கவோ பேசவோ தம்மால் இயலவில்லை என்று கணவருக்கு எழுதினார்.

அன்று தரங்கம்பாடியில் என்ன நடந்துகொண்டிருந்தது? தமிழ் ஒரு வார்த்தையும் அறியாத சீகன்பால்க், சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். சில ஆண்டுகளுக்குள் அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து முடித்தார். நம் கடற்கரை மணலில் எழுதிய அந்த மனிதருடைய கடிதம், கடல் கடந்து, வேறொரு தேசத்துத் தாயின் சமையலறையில் வாசிக்கப்பட்டது. நாம் எப்போதும் மேற்கிலிருந்து பெற்றுக்கொண்டதையே சொல்லுகிறோம். இங்கிருந்து போன இந்த ஒன்றையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது நல்லது.

சூசன்னா ஆணுமல்ல, குருவானவருமல்ல, கப்பலேற வழியில்லை. ஆயினும் இப்போது செய்வதைவிடக் கூடுதலாக ஏதாவது செய்யமுடியும் என்று அவர் நினைத்தார். தம் சொந்தப் பிள்ளைகளிடத்தில் அதைத் தொடங்கத் தீர்மானித்தார். ஒவ்வொரு இரவும் ஒரு பிள்ளையோடு தனியாகப் பேசுவது என்று ஒழுங்கு செய்தார். திங்கள் மேரியோடு, செவ்வாய் ஹெட்டியோடு, புதன் ஆனோடு, வியாழன் ஜாக்கியோடு, வெள்ளி மார்த்தாவோடு, சனி சார்ல்ஸோடு, ஞாயிறு எமிலியாவோடும் சூசன்னா என்ற மகளோடும். மூன்று வயதும் நிரம்பாத கெசியாவுக்கு இன்னும் முறை வரவில்லை. மூத்தவன் சாமுவேல் அப்போது வீட்டில் இல்லை. அவனுக்குக் கடிதங்கள் போயின.

கவனியுங்கள்: ஏழு நாட்களும் நிரம்பிய வீடு அது. ஆறு மணி நேரப் பள்ளி, வீட்டு நிர்வாகம், கடன் தொல்லை, கணவர் ஊரில் இல்லை. அதோடு, ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் அவர் நடத்திய ஜெபவேளையைப் பற்றி வேலைக்காரப் பையன் தன் பெற்றோரிடம் சொல்ல, அவர்கள் வர, அக்கம்பக்கத்தார் தொடர, 1712 பிப்ரவரி தொடக்கத்தில் இருநூறு பேருக்குமேல் குருமனையில் கூடினார்கள். இடமின்றித் திரும்பினவர்களும் உண்டு. சூசன்னா ஜெபங்களை வாசிப்பார். நல்ல பிரசங்கம் ஒன்றைத் தெரிந்தெடுத்து வாசிப்பார். உதவிக் குருவானவர் இன்மன் லண்டனுக்குப் புகார் எழுதினார். ஒரு பெண் இவ்வாறு செய்வது தகுமோ என்று கணவரும் தயங்கி எழுதினார். பிப்ரவரி 25-ஆம் தேதியிட்ட பதிலில் சூசன்னா, முன்பு மாலை ஆராதனைக்கு இருபது இருபத்தைந்து பேர் வந்த ஆலயத்தில் இப்போது இருநூறுக்கும் முந்நூறுக்கும் இடைப்பட்டோர் வருவதைச் சுட்டிக்காட்டினார். இதை நிறுத்துவது உமது விருப்பம் என்று மட்டும் சொன்னால் போதாது. நாம் இருவரும் நியாயாசனத்திற்கு முன் நிற்கும் நாளில் என்னைக் குற்றமற்றவளாக்கும்படி நேரடியான கட்டளையாகவே அனுப்பும் என்று பணிவோடும் அசையாமலும் கேட்டார். அத்தகைய கட்டளை வரவில்லை.

இத்தனைக்கும் நடுவில் எட்டு வயதுப் பையனுக்கு ஒரு மாலை தனியே இருந்தது என்பதே என்னை வியக்கவைக்கிறது. மிஞ்சிய நேரத்தை அவர் கொடுக்கவில்லை. அந்த வீட்டில் நேரம் மிஞ்சவேயில்லை. நாளைக் குறித்து, பிள்ளையின் பெயரை அதன்மேல் எழுதிவைத்தார். அந்தப் பிள்ளைக்கும் அது தெரிந்திருந்தது. வாரம் முழுவதும் ஒன்பது பேரில் ஒருவனாக இருந்த ஜாக்கி, வியாழக்கிழமை மாலை மட்டும் ஒரே பிள்ளையாக இருந்தான். எதற்கும் காரணம் கேட்கும் அவன், கேட்கவேண்டியதையெல்லாம் அன்று கேட்கலாம். எத்தனை சட்டங்கள் இருந்தாலும் பிள்ளையின் மனம் திறப்பது இப்படிப்பட்ட வேளையில்தான் என்று நான் எண்ணுகிறேன். லோவிசாளிடமும் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம் தீமோத்தேயுவுக்கு வந்ததைப் பவுல் 2 தீமோத்தேயு 1:5-இல் நினைவுகூருகிறார்; அது எந்த வேளையில் வந்தது என்று சொல்லவில்லை. எப்வொர்த்தில் நமக்குக் கிழமையே தெரிகிறது.

அந்த வசந்தத்தில் இன்னொன்றும் நேர்ந்தது. ஏப்ரல் மாதம் வீட்டில் பெரியம்மை புகுந்தது. ஜான் உட்பட ஐந்து பிள்ளைகள் படுத்தனர். தந்தை அப்போதும் லண்டனில்தான் இருந்தார். ஒன்பது பிள்ளைகளை அடக்கம்செய்திருந்த தாய் அந்தப் படுக்கைகளுக்கிடையே நடந்த இரவுகளை நாம் ஊகித்துக்கொள்ளலாம். கணவருக்கு எழுதிய கடிதத்தில் அவர், ஜாக்கி முறையிடாமல், ஆண்மகனைப்போலவும் கிறிஸ்தவனைப்போலவும் நோயைத் தாங்கினான் என்கிறார். ஆனால் கொப்புளங்கள் புண்ணாகி வலித்தபோது அவன் ஒன்றும் சொல்லாமல் அவற்றைக் கடுகடுத்துப் பார்த்ததையும் கவனித்து எழுதியிருக்கிறார். இத்தனை பேர் படுத்திருக்கும் வீட்டில் ஒரு பையனின் பார்வையை இவ்வளவு நுணுக்கமாகக் கண்டுகொண்டதற்கு, அந்த வியாழக்கிழமைகளில் அவனைக் கவனித்துப் பழகிய கண்களே காரணமாயிருக்கவேண்டும். ஐவரும் பிழைத்தார்கள்.

வசந்தம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1714-இல், பதினோரு வயது நிரம்புவதற்கு முன்பே, ஜான் லண்டனில் சார்ட்டர்ஹவுஸ் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். பெரிய பையன்கள் சிறியவர்களின் இறைச்சியைப் பறித்துக்கொள்ளும் பள்ளி அது; பெரும்பாலும் ரொட்டியே அவனுக்கு உணவாயிற்று. தந்தை சொல்லியனுப்பியபடி ஒவ்வொரு காலையும் அவன் பள்ளித் தோட்டத்தை மூன்றுமுறை சுற்றி ஓடினான். 1716-இல் சார்ல்ஸும் வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போனான். அங்கே அண்ணன் சாமுவேலே ஆசிரியராயிருந்தார். மூன்று ஆண்பிள்ளைகளும் ஆக்ஸ்போர்டுவரை சென்றார்கள்.

பெண்பிள்ளைகளுக்கு அந்த வழி இல்லை. தம்பிகளுக்குச் சற்றும் குறையாத அறிவுடைய ஹெட்டிக்குச் சிறு வயதிலேயே கிரேக்கம் வந்தது. அழகாகக் கவிதை எழுதினாள். தந்தையின் கடுமையால் தனக்குப் பொருந்தாத ஒருவரை மணந்து துயரத்தில் வாழ்ந்தாள். தாய் தந்த திங்களும் செவ்வாயும் அவர்களுக்கும் உரியவையே. வாரம் ஏழு நாளும் தாய் சமமாகப் பகிர்ந்ததை உலகம் சமமாகப் பகிரவில்லை. வெஸ்லி சகோதரர்களைப் புகழ்ந்து அந்தச் சகோதரிகளை விட்டுவிடும் வழக்கம் நம் மேடைகளில் இருக்கிறது. ஆகையால் இதையும் சொன்னேன்.

1732-ஆம் ஆண்டு ஜான் ஆக்ஸ்போர்டில் லிங்கன் கல்லூரியின் ஆசிரியர். குருப்பட்டமும் பெற்றிருந்தார். தம்பி சார்ல்ஸோடும் நண்பர்களோடும் ஜெபித்து, சிறைக்கைதிகளைச் சந்தித்துவந்தார். பிள்ளைகளை வளர்த்த முறையை எழுதித்தரும்படி அவர் தாயைக் கேட்டிருந்தார். அவருக்கோ அதில் மனமில்லை. இத்தனை ஆண்டுகள் ஒதுங்கி வாழ்ந்த ஒருத்தி தன் பிள்ளைகளை எப்படி வளர்த்தாள் என்பது யாருக்குப் பயன்படும் என்று தயங்கினார். மகன் விடாமல் கேட்டதால் ஜூலை 24-ஆம் தேதி எழுதி அனுப்பினார். நாம் மேலே கண்ட பள்ளி நேரங்களும் சட்டங்களும் அந்தக் கடிதத்திலிருந்தே நமக்குக் கிடைக்கின்றன. பிள்ளைகளின் ஆத்தும நலனுக்காக வாழ்வின் சிறந்த ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்டவற்றை முழுவதும் கொடுக்க விரும்புவோர் சிலரே என்றும் அதில் குறிப்பிட்டார்.

அதே ஆண்டு பிப்ரவரி மாதத்தில், அதாவது அந்தப் பதில் வருவதற்கு முன், மகன் தாய்க்கு எழுதிய ஒரு கடிதமும் நமக்குக் கிடைத்திருக்கிறது. அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது, தாய்க்கு அறுபத்துமூன்று. அதில் அவர் கேட்டது ஒன்றுதான். முன்னாளில் வேறு விதமாகத் தமக்குக் கொடுத்துவந்த வியாழக்கிழமை மாலையின் அந்தச் சிறு பகுதியை இப்போதும் தமக்காக ஒதுக்கித்தர முடியுமா என்றும், அன்று அது தம் அறிவை உருவாக்கியதுபோல இன்று தம் இருதயத்தைத் திருத்தும் என்பதில் தமக்குச் சந்தேகமில்லை என்றும் எழுதியிருந்தார்.